டோக்கியோ தாத்தா பாட்டிங்கள சின்ன ஊருக்கு அனுப்புற பிளான் ஏன் எடுபடல?

மாடிப்படி:

வணக்கம் மக்களே. ரிட்டயர்மெண்ட் கிட்ட வந்துருச்சு, அதனால தூக்கம் வராத ராத்திரியெல்லாம் இந்த மாதிரி விஷயத்தையே தேடித் தேடிப் படிச்சிட்டு இருக்கேன். அப்படிப் படிச்சதுல ஒண்ணு மண்டையக் குடையுது, அதான் இங்க கொண்டு வந்து போடுறேன்.

ஜப்பான்ல 2015 ஜூன் மாசம் ஒரு குழு ரிப்போர்ட் விட்டாங்க. தலைவர் மசுதா ஹிரோயா, முன்னாடி இவாத்தே மாகாண கவர்னரா இருந்தவர், மத்திய மந்திரியாவும் இருந்திருக்கார். அவங்க சொன்னது என்னன்னா, டோக்கியோவையும் அதைச் சுத்தி இருக்கற மூணு மாகாணத்தையும் சேர்த்துப் பாத்தா 75 வயசு தாண்டினவங்க 2015-லேர்ந்து 2025-க்குள்ள 17.5 லட்சம் பேர் கூடிருவாங்க, அவங்களப் பாத்துக்கறதுக்கு 1.3 லட்சம் படுக்கை பத்தாமப் போகும். அதே சமயம் நாட்டுல வேற 41 ஏரியாவுல ஆஸ்பத்திரியும் பராமரிப்பு வசதியும் கைவசம் மிச்சம் இருக்கு, கிட்டக்யூஷு, பெப்பு, தொயாமா, ஹகோடாடே மாதிரி ஊருங்க, அதனால வயசானவங்கள அங்க குடிபோகச் சொல்லி ஊக்கப்படுத்தலாம்னு.

பேப்பர்ல பாத்தா எல்லாருக்கும் லாபம் தானே? சிட்டில இடநெருக்கடி குறையும், சின்ன ஊர்ல பூட்டிக்கெடக்கற வீட்டுல ஆள் நடமாட்டம் வரும், பென்ஷன் காசு அந்த ஊருக்குள்ளயே புழங்கும், அங்க இருக்கற நர்சுங்களுக்கு வேலை நிக்கும், போறவருக்கும் வீட்டுச் செலவு கொறையும். அரசாங்கமும் சும்மா பேசிட்டு விடல, 2016-ல சட்டத்தையே திருத்தி இதுக்குன்னு ஒரு திட்டத்த உள்ள கொண்டு வந்தாங்க. ஆனா ஜனங்க மூட்டைமுடிச்சு கட்டிக்கிட்டு கூட்டமா கெளம்பின மாதிரி ஒண்ணும் தெரியலையே. ஏன்? வேற நாட்டுல யாராச்சும் இத ஒழுங்கா செஞ்சு காட்டியிருக்காங்களா? நானே அப்படி ஒரு முடிவு எடுக்கறதா இருந்தா எதைப் பாக்கணும்? "மனசுக்குப் பிடிச்சா போங்க சார்" டைப் பதில் வேணாம், விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:

ஜனங்க போகலங்கறது அப்புறம். வா வான்னு கூப்பிட வேண்டிய ஊருங்களே வாசல்ல நின்னு யோசிச்சுதுங்க, அதுதான் இதுல முதல் விஷயம்.

அங்க 2000 ஏப்ரல்லேர்ந்து பராமரிப்புக் காப்பீடுன்னு ஒண்ணு நடக்குது. 40 வயசு ஆனவங்க எல்லாரும் பிரீமியம் கட்டணும், வயசாகி தன் வேலைய தானே பாத்துக்க முடியாமப் போனா வீட்டுக்கு ஆள் வரும், பகல்நேர சென்டர் உண்டு, முடியவே இல்லன்னா முதியோர் ஹோம். செலவுல பாதி பிரீமியத்துலேர்ந்து, பாதி வரிப்பணத்துலேர்ந்து. அந்த வரிப் பாதிய மொத்தச் செலவுல பிரிச்சா சுமாரா மத்திய அரசு 25 சதவீதம், மாகாணம் 12.5, உள்ளூர் நகராட்சி 12.5. காப்பீட்ட நடத்தறதே நகராட்சிதான், 65 தாண்டினவங்க கட்ட வேண்டிய பிரீமியத்த மூணு வருஷத்துக்கு ஒருதடவ அந்தந்த ஊரே நிர்ணயம் பண்ணும். இப்போ யோசிங்க, ஒருத்தர் வாழ்நாள் பூரா டோக்கியோல வரி கட்டிட்டு 66 வயசுல உங்க ஊருக்கு வர்றார், பத்து வருஷம் நல்லா நடமாடறார், தோட்டம் போடறார், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை குடுக்கறார், எல்லாம் சரி. 78-ல படுத்துட்டார்னா பில் யாருக்கு? உங்க ஊருக்கு. செலவு ஏறினா உங்க ஊர்லயே பொறந்து வளந்த கெழவிக்கும் பிரீமியம் ஏறும். வயசானவங்க அதிகமா இருக்கற ஊருக்கு மத்திய அரசு கொஞ்சம் சரிக்கட்டிக் குடுக்கும்தான், இருந்தாலும் ஒரு மேயர் இத எப்படி ஓட்டுப்போடறவங்ககிட்ட விப்பார் சொல்லுங்க.

இதுக்கு ஒரு விதிவிலக்கு வெச்சிருக்காங்க. வெளியூர் ஹோம்ல போய் சேந்தா காப்பீட்டுச் செலவ பழைய ஊரே தொடர்ந்து கட்டணும். முதியோருக்குன்னே கட்டி சேவையோட வாடகைக்கு விடற ஃபிளாட்டுங்களுக்கும் 2015-லேர்ந்து இத நீட்டிச்சாங்க. ஆனா ஒருத்தர் சாதாரணமா ஒரு தனி வீடு வாங்கி குடிவந்தா இந்த விதிவிலக்கு கெடையாது, புது ஊர் தலையிலதான். அப்போ வேடிக்கைய பாருங்க, ஆரோக்கியமா வந்து ஊரோட கலந்து வாழறவர் ஊருக்கு கணக்குல ரிஸ்க், முடியாம வந்து நேரா ஹோம்ல படுக்கறவர் சேஃப்.

டோக்கியோவுக்குள்ள தனி நகராட்சி மாதிரி இருக்கற சுகினாமி வார்டு இந்த வழியிலதான் போச்சு. தன் எல்லைக்குள்ள நெலம் கெடைக்காம, ஷிசுவோகா மாகாணத்துல மினாமி இசுங்கற கடலோர ஊர்ல ஹோம் கட்ட ஏற்பாடு பண்ணாங்க, 2018-ல தொறந்தாச்சு. ஊருக்கு வேலை கெடைச்சுது, வார்டுக்கு படுக்கை கெடைச்சுது. நீங்க சொல்ற "குடிபோறது" இது இல்ல ஆனா.

இன்னொண்ணு. இதே மசுதா குழு 2014 மே மாசம் ஒரு குண்டு போட்டுச்சு, 2040-க்குள்ள 896 நகராட்சிங்கள்ல 20லேர்ந்து 39 வயசு பொண்ணுங்க எண்ணிக்கை பாதிக்கு மேல கொறைஞ்சிரும், அந்த ஊருங்க அழிஞ்சு போற ஆபத்துல இருக்குன்னு. ஊர் ஊரா லிஸ்ட். ஒரு வருஷம் முன்னாடி "உங்க ஊர்ல கொழந்தை பெத்துக்கற வயசுல ஆளே இருக்காது"ன்னு பயமுறுத்திட்டு, அடுத்த வருஷம் "இந்தாங்க, 75 வயசு ஆளுங்கள அனுப்பறோம்"னா எவனுக்குக் கோவம் வராது.

1986-ல கூட ஒரு கூத்து நடந்துச்சு. அவங்க தொழில் வர்த்தக அமைச்சகம், ரிட்டயர் ஆன ஜப்பான்காரங்கள ஸ்பெயின் மாதிரி வெயில் அடிக்கற நாட்டுல குடியேத்தலாம்னு "சில்வர் கொலம்பியா"ன்னு ஒரு திட்டம் போட்டாங்க. காரு ரேடியோ எல்லாம் ஏத்துமதி பண்ணி முடிச்சு இப்ப கெழவங்கள ஏத்துமதியான்னு வெளிநாட்லேர்ந்தெல்லாம் திட்டு விழுந்துச்சு. 2015-ல மறுபடி பேச்சு வந்தப்போ வயசானவங்கள மலையில கொண்டு விட்டுட்டு வர்ற பழங்கதைய எடுத்துப் போட்டு கிழிச்சாங்க. கெழவங்கள கொண்டு தள்ளற திட்டம்ங்கற பேரு ஒருதடவ ஒட்டிக்கிட்டா அப்புறம் எந்த சலுகை குடுத்தாலும் போகாது.

வடலி:

மேல ஒருத்தர் ஊர்கள் வாசல்ல நிண்டு யோசிச்சதெண்டு எழுதியிருக்கிறார். வாசலை விரியத் திறந்து வைச்சு வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்ட ஊரும் இருக்கு. கனடா, ஒன்ராறியோ மாகாணத்தில எலியட் லேக்.

1950களில யுரேனியம் எடுக்கிறதுக்கெண்டே காட்டுக்குள்ள கட்டின ஊர் அது. 1990ல சுரங்கக் கொம்பனியள் ஆக்களை வேலையால நிப்பாட்டத் தொடங்கின, கடைசிச் சுரங்கம் 1996ல பூட்டினது. சனம் வேலை தேடி வெளிக்கிட்டுப் போக வீடுகள் வரிசை வரிசையா வெறுமையாக் கிடந்தது. தொழிலாளரை நம்பிக் கட்டின வீடு, தொழிலாளர் இல்லை, அப்ப ஆர் வருவினம்? ரொறொன்ரோ பக்கம் வாடகை குடுக்க ஏலாமல் இருக்கிற பென்ஷன்காரர் வருவினம் எண்டு யோசிச்சு, ஊரே சேர்ந்து லாபநோக்கம் இல்லாத ஒரு அமைப்பு நடத்தி, அந்த வீடுகளையும் அப்பாட்மென்டுகளையும் மலிவு வாடகைக்கு விட்டு விளம்பரம் செய்திச்சினம். வந்து பாக்க ஆசைப்படுறவைக்கு ஊரைச் சுத்திக் காட்டுறதும் அவையின்ர வேலை. ஊர் தப்பிச்சுது, அதில மறுகதை இல்லை. சுரங்கம் பூட்டின எத்தினை ஊர் இண்டைக்கு மேப்பிலயே இல்லை, இது இப்பவும் ஏறத்தாழ 11,000 சனத்தோட இருக்கு. வாவி, காடு, மீன்பிடி, அமைதி. விருப்பமான ஆக்களுக்கு சொர்க்கம்தான்.

ஆனா அங்கால பக்கத்தையும் சொல்லோணும். ஊரில ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்பெஷலிஸ்ட் எண்டால் சட்பரிக்குப் போகோணும், 150 கிலோமீற்றருக்கு மேல. பனிக்காலத்தில அந்த றோட்டில 75 வயசு ஆள் கார் ஓடிப் போய் ஸ்பெஷலிஸ்டைப் பாத்திட்டுத் திரும்பி வாறதை யோசிச்சுப் பாருங்கோ. தூரத்துக்குப் போற நோயாளியளுக்கு மாகாண அரசு பயணக் காசு குடுக்கும், காசு வரும், கார் ஓட ஆள் வராதே. 2012 ஜூனில அந்த ஊரின்ர ஒரே பெரிய மோல் கூரை இடிஞ்சு விழுந்து ரெண்டு பேர் செத்தவை. கடையள், லைப்ரரி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தது, அதோட எல்லாம் போட்டுது. பெரிய நகரத்தில ஒரு மோல் போனா அடுத்ததுக்குப் போவம், அங்க நடந்து போய் நாலு பேரைச் சந்திச்சுக் கதைக்கிற இடமே அதுதான். வயசானவையை நம்பி இருக்கிற ஊரில எல்லாம் ஒண்டொண்டுதான் இருக்கும். ஒரு டொக்டர் விட்டிட்டுப் போனாலும் ஊர் முழுக்க அடி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வயதான சோடி உப்பிடி ஒரு தூர ஊருக்குப் போயிட்டினம், எலியட் லேக் இல்லை, வேற இடம். முதல் சில வருசம் சரியான சந்தோசம். பிறகு ஐயா மோசம் போயிட்டார், அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. அவ்வளவுதான், வீட்டை வித்திட்டு மகளின்ர நிலவறைக்குத் திரும்பி வந்திட்டா. போகேக்க இருந்த பழைய வீட்டு விலை இப்ப இல்லையே, திரும்பி வாங்கேலாது.

சும்மாஒருத்தி:

வடலி சொன்ன அந்த அம்மா கதைதான் இந்த டாபிக்கோட நடு மையம், அத கடைசி பாராவுல போட்டுட்டீங்க!

2014-ல ஜப்பான் அரசாங்கமே டோக்கியோல இருக்கறவங்ககிட்ட ஒரு சர்வே எடுத்துச்சு, வெளியூருக்கு குடிபோக எண்ணம் இருக்கான்னு. 50லேர்ந்து 59 வயசு ஆம்பளைங்கள்ல பாதிப்பேர் ஆமாம்னாங்க. அதே வயசு பொம்பளைங்கள்ல மூணுல ஒரு பங்குதான். இந்த வித்தியாசத்த யாரும் கண்டுக்காம "பாதிப் பேருக்கு ஆசை இருக்கு"ன்னு திட்டம் போட்டா எப்படி ஓடும்? வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்துட்டு வெளிய வர்றப்போ அவருக்கு அந்த சிட்டில விட்டுட்டுப் போக பெருசா ஒண்ணும் இல்ல, ஆபீஸ் போச்சு, அதோட சிநேகிதமும் போச்சு. அந்தம்மாவுக்கு அப்படியா? அதே முப்பது வருஷத்துல அக்கம்பக்கம், பசங்க ஸ்கூல்ல பழகினவங்க, பாட்டு கிளாஸ், தெரிஞ்ச டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு கதவத் தட்டினா தொறக்கற எதிர்வீடுன்னு ஒவ்வொண்ணா சேத்து வெச்சிருப்பா. அவருக்கு கனவு, அவளுக்கு வேரோட புடுங்கி நடறது. அதுலயும் பொதுவா மனைவி வயசுல சின்னவ, ஆயுசும் கூட, அதனால அந்த சின்ன ஊர்ல கடைசி பத்து வருஷம் தனியா இருக்கப்போறது அவதான். முடிவு எடுக்கறது ஒருத்தர், அனுபவிக்கறது இன்னொருத்தர்.

அப்புறம் காரு. சின்ன ஊர்னா கார் இல்லாம கடைக்குக் கூட போக முடியாது. ஜப்பான்ல 75 தாண்டினா லைசென்ஸ் புதுப்பிக்க ஞாபகசக்தி டெஸ்ட் இருக்கு, லைசென்ஸ நாமளே திருப்பிக் குடுக்கற வழியும் உண்டு. 2019-ல டோக்கியோ இக்கெபுக்குரோல 87 வயசு டிரைவர் ஒருத்தர் வண்டி ஏத்தி ஒரு அம்மாவும் சின்ன பொண்ணும் செத்துப்போனாங்க, நாடே கொதிச்சுது, அந்த வருஷம் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் லைசென்ஸ திருப்பிக் குடுத்தாங்க. டோக்கியோல திருப்பிக் குடுத்தவருக்கு மெட்ரோ இருக்கு. கிராமத்துல திருப்பிக் குடுத்தவருக்கு?

அதனால 65-ல போறப்போ 80-ல என்ன ஆகும்னு பாத்து ஊர் தேடணும். அந்த விஷயத்துல தொயாமா உருப்படியா செஞ்சிருக்காங்க. பழைய ரயில் பாதைய எடுத்து 2006-ல டிராம் ஆக்கினாங்க, 2009-ல ஊர் நடுவுல வட்டமா ஒரு லைன், 2020-ல வடக்கு தெற்கு ரெண்டையும் ஸ்டேஷனுக்குக் கீழ இணைச்சிட்டாங்க. 65 வயசு ஆனவங்க பகல் நேரத்துல 100 யென்ல ஊர் நடுவுக்கு போய் வரலாம். டிராம் பாதை ஓரமா வீடு வாங்கினா மானியம் வேற. வயசானவங்க வீட்டவிட்டு வெளிய வரட்டும்னு யோசிச்சு செஞ்சது அது. வெளியூர்க்காரங்களுக்காக செஞ்சதில்ல, தன் ஊர் கெழவன் கெழவிக்கு செஞ்சாங்க, அப்படி செஞ்ச ஊருக்குத்தான் நம்பிப் போகலாம்ங்கறது என் எண்ணம்.

மாடிப்படி:

ஐயோ இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. சும்மாஒருத்தி, உங்க பதில எங்க வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "அந்தப் பொண்ணு யாரு, நல்லா எழுதியிருக்கு"ன்னாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது :) தொயாமால பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டுமாமே? அந்த நாட்டுல வருஷாவருஷம் கூரையில பனி தள்ளப் போய் விழுந்து சாகறவங்கள்ல பெரும்பாலும் வயசானவங்கதான்னு படிச்சேன். அதையும் கணக்குல எடுக்கணும் போல. காலி வீடு மட்டும் 2023 கணக்குப்படி நாடு பூரா 90 லட்சம், சும்மா குடுக்கற மாதிரி வெலையில எல்லாம் வருதே, அதப் பாத்துதான் எனக்கு ஆசையே வந்துச்சு.

எதிர்க்கட்சி:

எல்லாரும் ரொம்ப நாகரிகமா பேசறீங்க. நேரா சொல்றேன், சிட்டில நெலம் வேணும், அதுக்கு கெழடுங்கள கெளப்பணும், அவ்ளோதான் மேட்டர். ஒரு ஆளு நாப்பது வருஷம் உழைச்சு அந்த சிட்டிய கட்டினான், இப்ப அவனுக்கு படுக்கை இல்லன்னா படுக்கைய கட்டுங்கடா, ஆள நகத்தாதீங்க. "விருப்பப்பட்டவங்க மட்டும் போகலாம்"னு சொல்லுவாங்க, வாடகை ஏறி ஏறி கழுத்த நெரிக்கறப்போ வர்றதுக்குப் பேரு விருப்பமா?

நைட்டியூட்டி:

எதிர்க்கட்சி, உங்க கோவம் புரியுது, ஆனா சிட்டில படுக்கைய கட்டினா மட்டும் போதாது, அதுக்குப் பக்கத்துல நிக்க ஆள் வேணும். நான் நர்சிங்ல இருந்து ரிட்டயர் ஆனவ, கட்டடம் ரெடியா இருந்தும் ஸ்டாஃப் இல்லாம வார்டு பூட்டி வெச்சத கண்ணால பாத்திருக்கேன். பராமரிப்பு வேலை சம்பளத்துல பெரிய சிட்டில வீடெடுத்து தங்க முடியாது, அதான் ஆள் நிக்கறதில்ல. அந்த வகையில ஆளும் எடமும் இருக்கற ஊருக்கு நோயாளி போகட்டும்ங்கறது மேலோட்டமா பாத்தா தப்பான யோசனை இல்ல. தப்பு எங்கன்னா, சின்ன ஊர்ல இன்னைக்கு "மிச்சம்" இருக்கற வசதி பத்து வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கும்னு நெனைக்கறதுல.

ஹொக்கைடோல யூபாரின்னு ஒரு நிலக்கரி ஊர். 1960 வாக்குல ஒரு லட்சத்துக்கு மேல ஜனம், சுரங்கம் எல்லாம் மூடி, டூரிஸ்ட் வருவாங்கன்னு கடன் வாங்கி பார்க்கு கட்டி, 2007-ல நகராட்சியே திவால். 171 படுக்கை இருந்த ஆஸ்பத்திரி 19 படுக்கை கிளினிக் ஆச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி "ஆஸ்பத்திரி இருக்கு"ன்னு நம்பி ஒருத்தர் அங்க போய் வீடு வாங்கியிருந்தா?

இங்கிலாந்துல இன்னொரு பாடம். அங்க யாரும் திட்டம் போட்டு அனுப்பல, ஜனங்களா ரிட்டயர் ஆனதும் கடலோர ஊருக்குப் போவாங்க, ரொம்ப காலப் பழக்கம். 2021-ல அவங்க தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி அந்தக் கடலோர ஊருங்க ஆரோக்கியத்தப் பத்தியே தன் வருஷ ரிப்போர்ட்ட எழுதினார். வயசானவங்க அங்க அதிகம், நோய் அதிகம், ஆனா நோயாளி எண்ணிக்கைக்கு ஏத்தா மாதிரி பாத்தா சீனியர் டாக்டருங்க 15 சதவீதம் கம்மி, நர்சுங்க 7 சதவீதத்துக்கு மேல கம்மி. ஏன்னா இளம் டாக்டருங்க பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரி இருக்கற சிட்டியிலதான் டிரெய்னிங் எடுப்பாங்க, அங்கயே கல்யாணம் ஆகி அங்கயே தங்கிடுவாங்க. கடலோரத்துக்கு ஒரு பக்கம் கடல், அதனால ஆஸ்பத்திரிக்கு சுத்துவட்டாரமும் பாதிதான், பெரிசா வளர முடியாது. நோயாளி போற வேகத்துல டாக்டர் போக மாட்டார், இதுதான் விஷயம்.

நல்லதும் உண்டு. நாகானோ மாகாணத்துல சகுன்னு ஒரு ஊர். 1945-ல அங்க வகட்சுகி தோஷிகாசுன்னு ஒரு டாக்டர் வந்தார், கடைசி வரைக்கும் அங்கயே இருந்து அந்த ஆஸ்பத்திரிய வளத்தார். நோயாளி வரட்டும்னு காத்திருக்காம கிராமம் கிராமமா போனாங்க, 1959-ல ஒரு கிராமத்துல மொத்த ஜனத்துக்கும் ஹெல்த் செக்கப் ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். இப்ப புல்லட் ரயில்ல டோக்கியோலேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் கிட்டதான், அதனால டாக்டருங்களும் வர்றாங்க, பேரப்பசங்களும் வந்து போவாங்க. இந்த மாதிரி ஊர ஒரே ராத்திரில மானியம் குடுத்து உண்டாக்க முடியாது, எழுபது எண்பது வருஷ வேலை அது.

மாடிப்படி, உங்க கேள்விக்கு நேரா பதில்: காலி வீட்டு வெலைய பாக்காதீங்க, டயாலிசிஸ் எங்க இருக்குன்னு பாருங்க. டயாலிசிஸ்னா வாரம் மூணு நாள், நெனச்சுப் பாருங்க அந்த தூரத்த. ஸ்ட்ரோக் வந்தா எத்தன மணி நேரத்துல ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போடற ஆஸ்பத்திரிக்கு போய்ச் சேருவீங்க, நாலரை மணி நேரத்துக்குள்ள அந்த ஊசி விழணும். ராத்திரி ஆம்புலன்ஸ் உண்டா, வீட்டுக்கு வந்து பாக்கற நர்ஸ் உண்டா, அவங்க வயசு என்ன. ஆமா, நர்ஸ் வயசையும் கேளுங்க, சின்ன ஊருங்கள்ல பாத்துக்கறவங்களே 60 தாண்டினவங்களா இருப்பாங்க.

கணக்குப்பிள்ளை:

நைட்டியூட்டி சொன்னதோட சேத்து ஒண்ணு. அந்த 41 ஏரியா லிஸ்ட்ட பாத்தீங்கன்னா பெரும்பாலும் நடுத்தர நகரங்க. கிட்டக்யூஷுல ஏறத்தாழ ஒம்பது லட்சம் பேர். காட்டுக்குள்ள அம்பது வீடு இருக்கற கிராமத்துக்குப் போன்னு அந்த ரிப்போர்ட்டே சொல்லல, ஆனா டிவில காட்டறது எப்பவும் ஓட்டு வீடு, வயல், பாட்டி, அதனால ஆசைப்படறவங்க தேடறதும் அதத்தான். கொள்கை ஒரு பக்கம் போகுது, கனவு இன்னொரு பக்கம் போகுது.

பணம் குடுத்து ஊக்கப்படுத்தறதும் பெரும்பாலும் பென்ஷன்காரங்களுக்கு இல்ல. 2019-லேர்ந்து டோக்கியோவ விட்டுப் போற குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரைக்கும் குடுக்கற திட்டம் இருக்கே, அது பெரும்பாலும் போற எடத்துல வேலைக்கு சேர்றவங்களுக்கோ தொழில் தொடங்கறவங்களுக்கோ. கொழந்தை இருந்தா மேல கூட குடுப்பாங்க, 2023-ல அதை ஒரு கொழந்தைக்கு 10 லட்சம் வரைக்கும் ஏத்திட்டாங்க. ஊருக்கு யார் வேணும்னு அதுலயே தெரிஞ்சுரும்.

ஆஸ்திரேலியாவுல இன்னும் வேடிக்கை. அங்க முதியோர் பென்ஷனுக்கு சொத்துக் கணக்கு பாப்பாங்க, ஆனா நீங்க குடியிருக்கற வீடு எவ்ளோ கோடி பெறும்னாலும் அதுல சேராது. சிட்டி வீட்ட வித்துட்டு சின்ன ஊர்ல பாதி வெலைக்கு வாங்கினா மிச்சப் பணம் சொத்தாயிடும், பென்ஷன்ல வெட்டு விழலாம். புது வீடு வாங்க ஒதுக்கின பணத்துக்கு மட்டும் 24 மாசம் வரைக்கும் விலக்கு, 2023 ஜனவரிலேர்ந்து. அதாவது ஒரு கையால போங்க போங்கன்னு தள்ளி, இன்னொரு கையால சட்டையப் புடிச்சு இழுக்கறது. ஊக்கத்தொகை புதுசா குடுக்கறதுக்கு முன்னாடி இந்த முட்டுக்கட்டைய எடுத்தாலே பாதி வேலை முடியும்.

உருப்படியா செஞ்ச ஒண்ணு சொல்லணும்னா, ஜப்பான்ல கனசாவா சிட்டில 2014-ல தொறந்த "ஷேர் கனசாவா". ஒரு சமூகநல அமைப்பு நடத்தறது. பழைய அரசு ஆஸ்பத்திரி இருந்த நெலத்துல முதியோர், மாற்றுத்திறனாளி கொழந்தைங்க, காலேஜ் பசங்க எல்லாரும் ஒரே காம்பவுண்டுக்குள்ள. பசங்களுக்கு வாடகை கம்மி, பதிலுக்கு மாசம் 30 மணி நேரம் அங்க ஏதாவது வேலை செய்யணும். வெந்நீர் ஊத்துக் குளியல் உண்டு, அக்கம்பக்கத்துக்காரங்களும் வந்து குளிக்கலாம், அல்பாகான்னு ஒரு கம்பளி மிருகம் கூட வளக்கறாங்க. முதியோர் அங்க சும்மா உக்காந்திருக்கறதில்ல, கடை பாத்துக்கறாங்க, பசங்களோட மல்லுக்கட்டறாங்க. ஆனா இது கனசாவா, நாலு லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற சிட்டி, காலேஜ் இருக்கு, அதனால காலேஜ் பசங்க கெடைச்சாங்க. காப்பியடிச்சு எல்லா ஊர்லயும் கட்ட முடியாது.

வடலி:

நைட்டியூட்டி அக்கா சொன்ன டயாலிசிஸ் விசயம் நூற்றுக்கு நூறு சரி. கணக்குப்பிள்ளை, திரும்பி வர ஏலாமல் போறதுதான் பெரிய பயம் எண்டு நான் நினைக்கிறன், அதுக்கு ஜப்பானில ஏதும் வழி வைச்சிருக்கினமோ? வீட்டை வித்தாப் போச்சு, விக்காமல் பூட்டி வைச்சா வரி.

கணக்குப்பிள்ளை:

வெச்சிருக்காங்க வடலி. 2006-ல இதுக்குன்னே ஒரு பொது அமைப்பு ஆரம்பிச்சாங்க. 50 வயசு தாண்டினவங்க தன் வீட்ட அவங்ககிட்ட குத்தகைக்கு விடலாம், அவங்க பிள்ளைகுட்டி இருக்கற இளம் குடும்பங்களுக்கு உள்வாடகைக்கு விடுவாங்க. முதல் வாடகைதாரர் வந்ததுக்கப்புறம் நடுவுல வீடு காலியா கெடந்தாலும் ஒரு அளவு வாடகை உறுதி. உள்ள இருக்கறவங்களோட ஒப்பந்தம் மூணு வருஷம் மாதிரி காலக்கெடு வெச்சு போடறதால, அந்த கெடு முடியறப்போ வேணும்னா வீட்டுக்கு திரும்பலாம். வாடகை சந்தை வெலைய விட கொஞ்சம் கம்மியாத்தான் வரும். பழைய வீடா இருந்தா நிலநடுக்கத்துக்கு தாங்குமான்னு பரிசோதிச்சு பலப்படுத்தற செலவு நம்ம தலையில.

சும்மாஒருத்தி:

அப்போ மாடிப்படி சார், வீட்ட விக்காம வாடகைக்கு விட்டுட்டு, போற ஊர்லயும் வாடகைக்கே எடுங்க, பனிக்காலம் ஒண்ண முழுசா அங்க இருந்து பாருங்க, வசந்தகாலத்துல போய் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. அந்த நாலஞ்சு மாசமும் கார் சாவி வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு நீங்க பஸ்ல போங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு இங்க வந்து எழுதுங்க, அவங்களே எழுதினா இன்னும் நல்லது.

மாடிப்படி:

அவங்க இப்பவே பக்கத்துல உக்காந்துதான் படிக்கறாங்க. "டிராம் ஊர்னா யோசிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி என் தங்கச்சி வீடு எத்தன மணி நேரம்னு பாரு"ன்னு சொல்லியாச்சு. மேப்ப தொறந்துட்டு உக்காந்திருக்கேன்.